பஞ்சாயத்து டிவியில் வந்த மேகம்

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"டிவியப் பாத்து வெதச்ச சம்சாரி எங்க வீட்டுலதான் இருக்காக" என்றாள் ஒருத்தி. அந்தச் சம்சாரி, அவள் வீட்டுக்காரர், அவளுக்கும் முன் சீட்டில், காலிச் சாக்கை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டிவியப் பாத்தா?"

"பஞ்சாயத்து டிவியில செயற்கைக்கோள் படம் காட்டுனாகள்ல, நம்ம பக்கம் பூராம் வெள்ளையாக் கெடந்துச்சாம். மேகம் எறங்கிருச்சுன்னு, விடிஞ்சதும் இருந்த சோளத்தப் பூராம் புழுதியில வெதச்சுட்டாக. அன்னைக்குச் சாயங்காலச் செய்தியிலதான் சொல்றாக, அது மேகமில்ல, காத்துல கெளம்புன தூசின்னு."

"மழை?"

"எங்கிட்டு? சோளத்த எறும்பு இழுத்துட்டுப் போயிருச்சு. இப்ப மறுபடி வெத வாங்கப் போறோம்."

அவர் திரும்பாமலே சொன்னார். "படம் எடுத்தவுகளே மறுநாத்தான கண்டுபிடிச்சாக."

"அவுக ஆகாசத்துல இருந்து பாத்தாக. ஒங்களுக்கு வாசல்லயே தூசி அடிச்சுச்சே. கண்ணக் கசக்கிக்கிட்டேதான படத்தப் பாத்தீக?"

அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"மேக்க கருக்குது. இன்னைக்கு எறங்கிரும்."

"பொறுங்க" என்றாள். "டிவியில காட்டட்டும்."