நாலு மாதமும் பத்து நாளும்

கரம் போர்டு விளையாடுகிறவர்களுக்குச் சோறு பரிமாறக் கூடாது. கை பிசுபிசுக்கும், காய் ஒட்டும், ஆளுக்கொரு தரம் எழும்பிப்போய்க் கை கழுவ வேண்டும். கோப்பையில் ஊற்றிக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் சாமான்தான் தோது. அதனால்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் சில்லி சமைத்தேன். சமையலிலிருந்தே தொடங்கச் சொன்னீர்கள், சேர். அப்படியே சொல்கிறேன்.

அதைப் பழகியது கற்பிட்டியில். சண்டை முடிந்த பிறகு, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் தங்கும் விடுதியொன்றின் குசினியில் இரண்டு வருடம் வேலை செய்தேன். காற்று விழுந்த நாட்களில் மேசையைச் சுற்றியிருந்து ஏதாவது பலகை விளையாட்டு விளையாடுவார்கள். அவர்களில் ஒரு பெண் தானே குசினிக்கு வந்து, கொத்திய மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி, சீரகம், செத்தல் மிளகாய் எல்லாம் பெரிய சட்டியில் போட்டுச் சமைப்பாள். கூடவே ஈரல் நிறத்தில் ஒரு சிவப்பு அவரைக்கொட்டை. அதை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும், அரைவேக்காடாக விட்டால் நஞ்சு என்று விரலை ஆட்டிச் சொன்னாள். சமையலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் எனக்கு மறக்காது.

சுல்பா என் பக்கத்து வீடு. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரின் முசலியிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய சனத்தில் அவளும் அவள் புருஷன் செய்னுலாப்தீன் நானாவும் இருந்தார்கள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. மகள் ஸபீனா இங்கே பிறந்தவள். பிரசவத்துக்கு நான்தான் கூடப்போனேன். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே வேலி இருந்தது, ஆனால் போய்வர வசதியாக அதில் ஒரு கிடுகை நாங்கள் ஒருநாளும் கட்டவில்லை. என் புருஷன் இத்தாலிக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமானார். மகன் றொபி மீசை முளைத்ததும் தகப்பனிடம் போனான். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வைத்தியரிடம் காட்டுகிற வருத்தம் இல்லை. சுல்பா வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்தால் என் கால் ஓரிடத்தில் நிற்கும். அவள் புத்தளத்துக்குச் சாமான் வாங்கப் போனால், கூட்டிய முற்றத்தை மறுபடி கூட்டுவேன். கழுவிய சட்டியைக் கழுவுவேன். படலைக்கும் கிணற்றுக்கும் நடப்பேன். பஸ் சத்தம் கேட்டால் நெஞ்சு ஒரு தரம் எழும்பி உட்காரும். அவள் தலை தெரிந்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

மன்னாருக்குப் பாதை திறந்ததிலிருந்து நானாவுக்கு ஒரே கதைதான்.

"என்ட வாப்பாட காணி, தங்கச்சி. காடாக் கெடக்காம். வெட்டித் துப்பரவாக்கினா கெணறு தெரியும். முசலித் தண்ணி இந்த உப்புத் தண்ணி மாதிரி இல்ல."

சுல்பா குனிந்தபடி கரம் காய்களை நடுவில் அடுக்கிக்கொண்டிருப்பாள். போக விருப்பமில்லாத பெண் வேறு எப்படி இருப்பாள்?

காணிப் பதிவுக்கு முசலிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமைக்கு. அதற்கு முதல்நாள் ஞாயிறு, வழக்கம்போல மதிய லுஹர் தொழுகை முடிந்து, நாலு பேரும் என் வீட்டில் போர்டைச் சுற்றி இருந்தோம். அன்று நான் கொட்டையைச் சரியாக வேகவைக்கவில்லை. சுல்பாவுக்கு வயிற்றில் புண். அவளுக்கு எப்போதும் உறைப்பில்லாமல் சின்னச் சட்டியில் தனியாகச் சமைப்பேன். அது நன்றாக வெந்திருந்தது. நானும் அதிலேதான் சாப்பிட்டேன்.

நானாவும் ஸபீனாவும் பொழுதுபடுமுன் வாந்தியெடுக்கத் தொடங்கினார்கள். ஸபீனா இளம் பிள்ளை, மறுநாளே எழும்பிவிட்டாள். நானா இரண்டு நாள் கிடந்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், இளநீர் வெட்டிக் கொடுத்தேன், துணி தோய்த்தேன். சுல்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்ன செஞ்சிருப்பன், யூஜினி" என்றாள். அந்தச் சொல் எனக்கு மூன்று மாதத்துக்குப் போதுமாயிருந்தது.

மூன்று மாதத்தில் மறுபடி கடிதம் வந்தது. மறுபடி சமைத்தேன். அந்த முறை நானாவைப் புத்தளத்தில் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டி வந்தது. "சீனி வருத்தம், இருதய வருத்தம் எல்லாம் இருக்கிற ஆள். இனியொருக்கா இப்படி உடம்புத் தண்ணி வத்தினா தாங்க மாட்டார்" என்று வைத்தியர் சொன்னார். சுல்பா அழுதுகொண்டிருந்ததால் அதை அவள் சரியாகக் கேட்கவில்லை. நான் கேட்டேன். மருந்துப் பையை நான்தான் வைத்திருந்தேன்.

ஆனால் நானா பிடிவாதக்காரர். ஆள் அனுப்பிக் காணியைப் பதிந்தார், அங்கே இருக்க ஒரு கொட்டில் போட்டார், ஒரு புதன்கிழமைக்கு லொறியும் பேசிவிட்டார். அதற்கு முந்திய ஞாயிறு அவரே போர்டுக்குப் பவுடர் தூவினார்.

"அடுத்த ஞாயிறு நாங்க இங்க இல்ல, தங்கச்சி. இண்டைக்கு நல்லா அடிச்சு வெளாடுவம்."

இரண்டு கோப்பை சில்லி சாப்பிட்டார். ஸபீனா மட்டும் ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மாமி, இது இன்னும் வேகல்ல போல" என்றாள். வெள்ளைக்காரர் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்றேன். அவள் மரியாதையான பிள்ளை, சாப்பிட்டாள். சிவப்புக் காயை நானாதான் விழுத்தினார்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது அவரால் எழும்ப முடியவில்லை. ஸபீனாவும் பாயில் சுருண்டு கிடந்தாள். சுல்பாவுக்குக் கைபேசி பாவிக்கத் தெரியாது. "சுஹைருக்குக் கோல் அடி, யூஜினி. ஓட்டோவைக் கொண்டுவரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள். சுஹைர் சந்தியில் ஓட்டோ ஓடுகிறவன். கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடுவான்.

நான் முற்றத்துக்குப் போய், முருங்கை மரத்தடியில் நின்று, கைபேசியைக் காதில் வைத்து, "ஓம், கெதியா வாங்க" என்றேன். மறுபக்கத்தில் ஒருவரும் இல்லை. இலக்கத்தை நான் அழுத்தவேயில்லை. அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு தரம் போய் அப்படியே சொன்னேன். பிறகு இன்னொரு தரம். சவாரியை இறக்கிவிட்டு வாறானாம் என்று சுல்பாவிடம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் சுல்பா படலைவரை ஓடிப்போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் நானாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினால் புதன்கிழமைக்குள் எழும்பிவிடுவார், லொறி புறப்பட்டுவிடும் என்று யோசித்தேன். வீட்டிலேயே கிடந்தால் ஒரு கிழமையாவது கிடப்பார். வைத்தியர் சொன்னதும் நினைவு வந்தது. அதையும் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொழுதுபட்டு மஃரிப் பாங்கு முடிவதற்குள் நானா மவுத்தாகிவிட்டார்.

அதன் பிறகு இத்தா. புருஷன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் இருந்தவளுக்கு இது தெரியாதா? லொறியைத் திருப்பி அனுப்பியது நான்தான். அவள் யன்னலுக்குத் திரை தைத்துக் கொடுத்தேன். காலையில் வேலியால் நுழைந்து போனால் இருட்டும்போதுதான் வருவேன். எல்லாம் பக்குவமாகச் சமைத்தேன், ஒரு கொட்டைகூட வேகாமல் இருந்ததில்லை. அந்த நாட்களில் நான் முற்றத்தை ஒரு தரம்தான் கூட்டினேன். அவள் அழும்போது என் மடியில் தலை வைத்து அழுதாள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சேர், என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்த காலம் அது.

நானாவை அடக்கிய மறுகிழமையே சுஹைர் கட்டாருக்குப் போயிருந்தான். அங்கே வேலை சரிவராமல், சுல்பாவின் இத்தா முடிந்த கிழமை திரும்பி வந்தான். துக்கம் விசாரிக்க வந்து படலையில் நின்று ஸபீனாவிடம், "அண்டைக்கு நான் சந்தியிலதானே புள்ள நிண்டன். ஒரு கோல் அடிச்சிருந்தாப் பறந்து வந்திருப்பனே" என்றான். ஸபீனா திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்தநாள் உங்களிடம் வந்தாள்.

நீங்கள் முதலில் கைபேசியைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். கொட்டையைப் பற்றி நானாகத்தான் சொன்னேன். அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: செய்னுலாப்தீன் நானாவைக் கொன்றது நான்தான். தெரிந்துதான் செய்தேன்.

நேற்று சுல்பா இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் நின்றாள். மெலிந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு, "நாளைக்கு லொறி வருது. நானும் புள்ளயும் முசலிக்குப் போறம்" என்றாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள்.

அவள் கண்ணில் இருந்தது வெறுப்பு என்கிறார் உங்கள் கொன்ஸ்தாபல். அவருக்குச் சுல்பாவைத் தெரியாது. போக மனமில்லாதவர்கள்தானே சேர், இவ்வளவு தூரம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.