உப்பு ஆவியாவதில்லை

அன்று மின்சாரம் போனது இரண்டு மணிக்கா, இரண்டரைக்கா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் ஞாபகத்தை நானே அவ்வளவாக நம்புவதில்லை. தொட்டியின் வெப்பநிலையை மட்டும் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். இருபத்தாறு டிகிரி.

நான் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கல்பவளம் வளர்ப்பவன். மேலே மெல்லிய சதை, அடியில் அது தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கூடு. அது உயிர் என்று அத்தானுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். நான்காவது முறை விளக்குமளவுக்கு நான் முட்டாள் அல்ல. அத்தான் என்றால் அக்காவின் கணவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இரண்டு வருடமாக என் வீட்டுக் கூடத்தில், தொட்டிக்கு எதிரே கட்டிலில் கிடந்தார்.

"என்ன மாப்ளே, உன் கல்லு இன்னிக்கு சாப்பிட்டுச்சா?" என்பார் தினமும்.

"சாப்பிட்டுச்சு அத்தான்."

"பேசாம ரோட்டுல கெடக்குற ஜல்லிய அள்ளிப் போட்டிருக்கலாம். அதுவும் இப்படித்தான் சும்மா உக்காந்திருக்கும்."

அக்கா சிரிப்பாள். அவளுக்கும் அவ்வளவுதான் புத்தி.

ஒருமுறை வேலை விஷயமாக நான்கு நாள் வெளியூர் போனேன். தொட்டியில் நீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். கேனைக் காட்டி, அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆனால் கடலில் பிறந்ததற்கு நல்ல தண்ணீர் ஆகுமா என்று அத்தானுக்கு இரக்கம் வந்துவிட்டது. குழாயை இழுத்துக்கொண்டு எழுந்து, வாளி வாளியாக உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது பாதிக்கு மேற்பட்ட பவளங்கள் சதை உரிந்து, எலும்பு போல் வெளுத்து நின்றன. பதினோரு வருட வளர்ப்பு.

"நல்லதுன்னு நெனச்சுதான்டா செஞ்சேன்," என்றார். "எந்திரிச்சு நிக்கவே முடியல. பாவம், அதுங்க தவிக்குமேன்னு..."

நான் கோபப்படவில்லை. மடத்தனத்திடம் கோபப்படுவது நேர விரயம்.

மூன்று வாரம் கழித்து அந்த மதியம் வந்தது. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. பழையது, ஆக்சிஜன் மெஷினையும் தொட்டி மோட்டாரையும் சேர்த்து இழுக்காது. நீரோட்டம் நின்றால் மிச்சமிருந்த ஒன்பது பவளங்களும் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒன்றைப் பிடுங்கியாக வேண்டும். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"மாப்ளே, மெஷின் நின்னுடுச்சு பாரு."

"பாக்குறேன் அத்தான்."

"சிலிண்டர்... சிலிண்டர எடுப்பா."

மெஷின் நின்றால் மாட்ட வாங்கி வைத்த ஆக்சிஜன் சிலிண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. பத்தடி தூரம். ஆனால் என் இரண்டு கைகளும் தொட்டிக்குள் இருந்தன. பெயர்ந்துபோன ஒரு பவளத்தைப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை இறுகும்வரை கையை எடுக்கக் கூடாது. பவளம் வளர்க்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள்.

சற்று நேரத்தில் அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ புரிந்த தோற்றம் இருந்தது. அதுவும் நான் விளக்காமலே.

பசை இறுகப் பத்து நிமிடம் போதும். நான் நாற்பது நிமிடம் பிடித்திருந்தேன்.

அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே இறந்துவிட்டார். சிலிண்டரின் முத்திரை உடையாமல் இருந்ததைப் பார்த்து ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்ன அக்கா, இப்போது ஒரு தோழியின் வீட்டில் இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. பவளங்களை வண்ணமீன் கடைக்காரர் எடுத்துப் போனார். ஏழு நன்றாக இருக்கின்றன. இரண்டு செத்துவிட்டனவாம், அதைக் கேட்டு அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.