இடிக்கு ஊதும் சங்கு

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்காமல் யாரும் மலையை விட்டு இறங்கக்கூடாது என்று, இடிமழையில் தொழிலாளி ராக்கம்மாவை நிறுத்திவைத்த கணக்கப்பிள்ளை நான். மின்னல் தாக்கி அவள் இறந்தாள். பிறகு தோட்டத்துரையிடம் மன்றாடி, முதல் இடிக்கே தொழிற்சாலைச் சங்கை ஊதி வேலையை நிறுத்த ஏற்பாடு செய்தேன்.

ஓய்வுபெற்றபின் ஒருநாள் றக்வான போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி எங்கள் தோட்டத்துக்காரி.

"எங்க தோட்டத்துல இடி இடிச்சா சங்கு ஊதுவாங்க அக்கா."

"அடி போடி! எங்க மலையில இடியவிட கங்காணி சத்தந்தான் பெருசு."

"நெசமாத்தான். போன கெழம சங்கு கேட்டு எறங்கினோம், நாங்க நின்ன எடத்து மரத்துலயே இடி விழுந்திருச்சி. ராக்கம்மா சங்குன்னுதான் சொல்லுவோம். அந்தப் புண்ணியவதி செத்தும் எங்கள காப்பாத்துறா."

என்னைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சேரவேண்டியவளுக்கே சேர்ந்திருந்தது.