பத்து விரல் மை

ஆழ்வார்குறிச்சி போகும் ரயிலில் எனக்கெதிரே இருந்தவர், கைகளைத் துண்டுக்குள் வைத்தபடியே மச்சினனிடம் பேசிக்கொண்டு வந்தார்.

"தவிடு போட்டுத் தேய்ச்சும் மை போகலையே, மாப்ளே."

"பத்திரம் பதிஞ்ச மைன்னு சொல்லிரும், அத்தான்."

"அதுக்கு ஒரு பெருவிரலுதாம்ல. பத்தும் கறுத்திருந்தா போலீஸ் டேசன்னு எவனுக்கும் தெரியும்."

உண்மைதான். நான் பதிவாபீஸ் குமாஸ்தா; அங்கே நாங்கள் ஒரு விரலோடு விட்டுவிடுவோம்.

"நான் என்ன களவாண்டேன்னு கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். ரேகைச் சட்டத்துக்கு இந்தச் சாதியில பொறந்தேல்லா, அது போதும்னான் ஏட்டு."

அவர் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

"நிச்சயதாம்பூலத்த ரெண்டு கையாலயும்லா வாங்கணும்! சம்பந்தி ஊர்ல இன்னும் ரேகை எடுக்க வரலையாம். என் விரலைப் பாத்தா, எம் பொண்ணு வேண்டாம்னுருவாவ."

"துண்டைக் கையில விரிச்சு வாங்கும். மரியாதைன்னு நெனைப்பாவ."

ஆழ்வார்குறிச்சியில் இருவரும் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எதிர்கொண்டு வந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க!"

வாய் நிறைய அழைத்தாரே தவிர, கும்பிடவில்லை. அவருடைய கைகளும் துண்டுக்குள்தான் இருந்தன.