சாக்பீஸ் அழியாத ஓரம்

ஆமாம், அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தக் காரில் ஏறினார்.

தலைமை ஏற்றிருக்கும் மோட்டார் சங்கத் தலைவர் வேலாயுதம் அவர்களே, பிள்ளையார்பாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, அண்ணனை இழந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தனராஜ், வணக்கம்.

அஜிதநாதன் நயினார்! சோழவரம் பந்தயத்தில் காஞ்சிபுரத்தின் பெயரை எழுதிக்கொண்டு ஓடிய கார் அவருடையது. பொறியியல் படித்த பெண்ணான என்னைப் பட்டறைக்குள் விட ஊரே தயங்கியபோது, "வாம்மா, ஸ்பேனர் எந்தக் கைக்கும் பழகும்" என்றவர். அந்தக் குரல் இனி எங்கே?

இரங்கல் கூட்டத்தில் டயரைப் பற்றிப் பேசலாமா? வேறு எதைப் பேச? அவரைக் கொன்றது அதுதான்.

சங்கம் வாங்கித் தந்த பந்தய டயர்கள் ஆறு அங்குல அகலச் சக்கர ரிம்முக்குச் செய்தவை. நம் கார்களின் ரிம் நான்கு அங்குலம். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் உள்ளே இழுபடும். நடு மட்டும் மேடாகும். வளைவில் டயர் சாயும். ரிம்மில் அதன் பிடி தளரும்.

நயினார் சோதித்தார். டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, ஏனாத்தூர் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்தார். நடுவில் அழிந்திருந்தது. ஓரங்களில் அப்படியே வெள்ளை.

"பாத்தியாமா? அவ்ளோ அகலம் இருந்து இன்னா, பாதிகூட தரையில நிக்கல."

அகலமான ரிம்முக்குக் கோயம்புத்தூரில் சொல்லியிருந்தோம். அதுவரை பழைய டயரிலேயே ஓடுகிறேன் என்றார். நம் தலைவர் சிரித்தார்.

"இன்னா நயினாரே, பார்டர் பெருசா இருந்தாதான பட்டு! ஊரே பஸ் புடிச்சி வந்துக்கினு இருக்குது. ஒல்லி டயரையா காட்டுவ?"

பட்டறையே சிரித்தது. நயினாரும் சிரித்தார். மாட்டினார். ஊருக்காக மாட்டினார்!

நெய்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். சேலையின் உடலோடு ஒழுங்காகக் கோர்க்காத பார்டர் நிற்குமா? இழுத்தால் பிரியாதா?

இரண்டாம் சுற்று. வளைவு. முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. கார் உருண்டது.

சற்று முன் ஒரு தீர்மானம் வாசித்தீர்கள். வரும் ஞாயிறு, அவர் நினைவாக, அவருடைய இரண்டாவது காரைத் தனராஜ் பந்தயத்தில் ஓட்டுவான். கைதட்டினீர்கள். அந்தக் கார் மாலையோடு வாசலில் நிற்கிறது. அதே டயர். அதே நான்கு அங்குலம்.

யாரும் பார்க்கவில்லையா? வரும்போது அதைத் தாண்டித்தானே உள்ளே வந்தீர்கள்?

தனராஜ், தலையை ஆட்டாதே. காலையில் என்ன சொன்னாய்? "அண்ணன் ஓட்டனத நான் ஓட்டலன்னா ஊரு இன்னா பேசும்க்கா?" பேசட்டுமே! உன் அம்மா தயாவதி அம்மாளுக்கு இன்னொரு மகன் இருக்கிறானா?

என்ன தலைவரே? "நேரமாச்சி, முடிம்மா"வா? முடிக்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன். புது ரிம் வரட்டும். இல்லையென்றால் பழைய டயர். இரண்டில் ஒன்று.

கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள், தலைவரே.

நயினாரே, உங்கள் வேலையை நான் தொடர்வேன். கோடு போடுவேன். ஓரம் அழிகிறதா என்று பார்ப்பேன். அழியாதவரை அந்தக் கார் நகராது.

வணக்கம்.

ரத்னமாலா மேடையிலிருந்து இறங்கி வாசலுக்குப் போனாள். மாலை போட்ட காரின் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு டயராகக் காற்றைப் பிடுங்கிவிட்டு, வால்வுகளைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.