வேறு யாரும் விழவில்லை

காபி போதும், சர்க்கரை வேண்டாம். அந்தப் பெண் தட்டச்சு செய்யட்டும், அவர் வேகத்துக்கு நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். முப்பத்தோரு வருடமாக நோட்டரி அலுவலகத்தில் பிறருடைய பத்திரங்களைச் சரிபார்த்து வருபவள் நான். ஒரு பக்கம் முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும்.

ஆமாம், நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் கம்பி என்னுடையதுதான். கணப்பைக் கிளறும் கம்பி. ஆனால் அதிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு எதுவும் விளங்காது. என் மனுவிலிருந்து தொடங்குவோம்.

பிப்ரவரியில், எங்கள் மாடி அலுவலகத்துக்குக் கீழே, மருந்துக்கடைக்கு முன்னால் நடைபாதைக் கல் தடுக்கி விழுந்தேன். கல் ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. நகராட்சிக்கு இழப்பீட்டு மனு எழுதினேன், இடது கையால். பணம் எனக்குத் தேவையில்லை. குற்றம் கல்லினுடையது என்று அவர்கள் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.

மனுக்களைப் பார்ப்பவர் லெயாந்த்ரோ. சட்டையில் எப்போதும் ஆலிவ் எண்ணெய்க் கறை. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிய இடம் மறந்து வேறெங்கோ முடிக்கும் மனிதர்.

"டோன்யா காசில்டா, அந்தத் தெருவுல தினம் எத்தனை பேர் நடக்கறாங்க? எல்லாரும் ஒழுங்கா வீடு போய்ச் சேர்றாங்க. நீங்க மட்டும்தான் தரைக்கு முத்தம் குடுத்திருக்கீங்க."

"கல்லு தூக்கிட்டிருந்துச்சு."

"போட்டோவுல சமமாத்தானே இருக்கு?"

சமமாகத்தான் இருந்தது. நான் மனு கொடுத்த மறுநாள் ஆள் அனுப்பிச் சிமெண்ட் பூசிவிட்டு, அதற்கு மறுநாள் படம் எடுத்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே காரணங்கள். ஒன்று, அந்த இடத்தில் வேறு யாரும் விழுந்ததாகப் பதிவில்லை. இரண்டு, பாதசாரிக்கு இருக்க வேண்டிய சாதாரணக் கவனம் மனுதாரருக்கு இல்லை.

இரண்டாவதைப் பலமுறை படித்தேன். ஊரில் பாதி வீடுகள் சரியான ஆளின் பெயரில் இருப்பது என் கவனத்தால்தான். எனக்குக் கவனம் இல்லை என்று, தேதியைக்கூடத் தப்பாகப் போட்ட ஒரு கடிதம் சொல்கிறது.

அப்போது பக்கத்து வீட்டு ஓனொராத்தோ வந்திருந்தார். ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதி ஓய்வு பெற்றவர். என் கைக்கு மாவுக்கட்டுப் போட்டதிலிருந்து தினமும் எனக்கும் சேர்த்து ரொட்டி வாங்கி வருவார்.

"விடு காசில்டா. அவனுங்க சுவரு. சுவத்துக்கிட்டப் போயி நியாயம் கேட்டு நிக்கறியே!"

நல்ல மனிதர். எதையும் விட்டுவிடத் தெரிந்தவர். இந்த ஊரே அப்படித்தான்.

மேல்முறையீட்டில் இரண்டாவது காரணத்தை உடைக்க வேண்டுமானால் முதல் காரணம் விழ வேண்டும். எனவே இந்தக் கம்பியால் நெம்பி, கல்லைப் பழையபடி ஆக்கினேன். பழையபடி என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்கள் மாற்றியதை நான் திருப்பி வைத்தேன். பிற்பகல் மூன்றரை மணி, கடைகள் எல்லாம் மூடி ஊர் உண்ட மயக்கத்தில் கிடக்கும் நேரம். அந்த நேரத்தில் தேவாலயத்தையே பெயர்த்துக்கொண்டு போனாலும் இங்கே ஒருவரும் திரும்பிப் படுக்க மாட்டார்கள்.

முதலில் விழுந்தவர் ரொட்டிக்கடை எயுத்திமியோ. கணுக்கால் பிசகியது. எழுந்ததும் அவர் செய்த முதல் காரியம், யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். பிறகு சிரித்துக்கொண்டே நொண்டிப் போனார். அடுத்து ஆசிரியை பெனீத்தா. முன்பல் உடைந்தது. அவரும் பல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். புகார் எழுத ஒருவருக்கும் துப்பில்லை. அலுவலக ஜன்னலிலிருந்து இரண்டையும் பார்த்தேன், நேரம் குறித்துக்கொண்டேன்.

ஆகவே எழுதாமல் விடமுடியாத ஒரு விழுகை தேவைப்பட்டது. கல்லை இரண்டு விரல் ஆக்கினேன். பிறகு மூன்று.

வியாழக்கிழமை காலை ஓனொராத்தோ ரொட்டியோடு அலுவலகத்தை நோக்கி வந்தார். கையில் இரண்டு பைகள், ஒன்று எனக்கு. ஜன்னல் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் கூப்பிட்டால் அவர் அண்ணாந்து பார்ப்பார். அப்போது விழுந்தால் அதையும் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். அவருக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை. அவர் தன் பாதையைப் பார்த்துத்தான் நடந்தார், அதற்கு நான் சாட்சி. பைகளை விடாமல் பிடித்திருந்ததால் கையை ஊன்ற முடியவில்லை. நெற்றி மருந்துக்கடைப் படிக்கட்டின் விளிம்பில் பட்டது. சனிக்கிழமை இறந்தார்.

திங்களன்று மேல்முறையீடு கொடுத்தேன். மூன்று விழுகைகள், தேதி, நேரம், ஒவ்வொரு முறையும் கல் இருந்த உயரம், மில்லிமீட்டரில். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள் என்று புரிகிறது. லெயாந்த்ரோ என் மனுவை முழுதாகப் படித்தது அதுவே முதல்முறையாக இருக்கும்.

கல்லைப் பெயர்த்தது நான். விழுவார்கள் என்று தெரிந்தே பெயர்த்தேன். அவர் வருவதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன். அப்படியே எழுதுங்கள்.

என்ன கேட்டீர்கள்? நான் விழுந்த அன்றா? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா?

மணிக்கூண்டை. அது எப்போதும் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடும். அந்த இடத்துக்கு வந்ததும் என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், தினமும். ஊரில் ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை. அன்றும் அண்ணாந்து, நான்கு நிமிடமா ஐந்தா என்று...

ஏன் அந்தப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கிறார்?

ஐயா, ஓனொராத்தோவைப் பற்றிச் சொன்னது எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். மணிக்கூண்டு பற்றிய அந்த நான்கு வரியை மட்டும் எடுத்துவிடும்படி அவரிடம் சொல்ல முடியுமா?