ஏழு மில்லிமீட்டர்

இந்த ஊரில் நான்கு மூலையும் சரியாக அமைந்த ஓர் அறையை நான் இதுவரை பார்த்ததில்லை. நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். நீங்கள் என்னை உட்காரவைத்திருக்கும் இந்த அறைகூட ஜன்னல் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உங்கள் பேனா ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கமே உருண்டுபோகிறது. குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். நம் பாயியா பிளாங்கா ஊரில் அடிக்கிற காற்றுக்கு எதுதான் நேராக நிற்கும்.

என் மாமனார் தோன் எவரிஸ்தோவின் வீட்டு முன்னறை இதைவிட மோசம். பழைய வீடு. ரயில் பெட்டிகள் மாதிரி அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் நீளமாக முற்றம், முற்றத்தின் கடைசியில் சமையலறை. முன்னறையின் மூன்று சுவர்களில் கதவுகள். கூரை நாலரை மீட்டர் உயரத்தில், இரும்புத் தண்டவாளங்களுக்கு நடுவே வளைத்துக் கட்டிய மெல்லிய செங்கல். அதில் ஓர் ஆணி அடித்தால் நூறு வருடத் தூசி தலையில் கொட்டும். போதாததற்கு என் மைத்துனன் கச்சோ, கல்யாணமான புதிதில் படுக்க இடம் வேண்டுமென்று அறையின் நடுவில் ஒரு மரப் பரண் போட்டான். கல்யாணம் முறிந்துவிட்டது. பரண் முறியவில்லை.

அந்த அறையில் புரொஜெக்டர் மாட்ட வேண்டும் என்று சொன்னது நான்தான். அதை மறுக்கப் போவதில்லை. எங்கள் துறைமுகத்துக் கால்பந்து அணி எல் ஃபாரோ பத்தொன்பது வருடம் கழித்து மேல்நிலைக்கு ஏறுவதற்கான ஆட்டங்களில் நுழைந்திருந்தது. மூன்றே ஆட்டம். மூன்றையும் ஜெயித்தால் ஏறிவிடலாம். இதைக் கைக்குட்டை அளவு டிவியில் பார்ப்பது மரியாதையில்லை என்று எனக்குத் தோன்றியது.

மூன்று சனிக்கிழமை அளந்தேன். கதவில்லாத ஒரே சுவரில் படம் விழ வேண்டும். எதிர்ச்சுவரில், கதவுக்கும் கணப்படுப்புக்கும் இடையே ஒரு சாண் அகலச் சுவர் மிஞ்சியது. அங்கே ஒரு பலகை அடித்து அதன் மேல் புரொஜெக்டர். வெளிச்சம் பரணின் அடிக்கட்டைக்குக் கீழேயும், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலேயும் போக வேண்டும். அந்த இடைவெளி எழுபது சென்டிமீட்டர். போதும். எல்லோருடைய தலையும் அதற்குக் கீழே அடங்கியது, ஒருவருடையதைத் தவிர. தோன் எவரிஸ்தோவுக்கு இடுப்பில் அறுவை நடந்திருந்ததால் உயரமான நாற்காலியில்தான் உட்காருவார். அவருடைய தலை நிழல் படத்தின் அடிப்பாகத்தில், நட்டநடுவே, ஒரு சின்னக் குன்று போல விழுந்தது.

"அப்பா, நம்ம பின்வரிசையை விட உன் தலை நல்லா தடுக்குது," என்றான் கச்சோ. "பேசாம உன்னையே கோல் கம்பத்துல நிறுத்திடலாம்."

"நிறுத்துடா. பொண்டாட்டியையே நிறுத்திவைக்கத் தெரியாதவன் பேச்சைப் பாரு," என்றார் அவர்.

நானும் சிரித்தேன். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் சரியாகிவிடும். ஆட்டம் முடிந்ததும் செய்யலாம் என்று நினைத்தேன்.

நிழலை விடத் தொந்தரவு பலகையில் இருந்தது. முதல் துளை போட்ட இடத்தில் செங்கல் மாவாக உதிர்ந்தது. இரண்டாவது துளை பிடித்தது, ஆனால் இடது முனை கொஞ்சம் இறங்கிவிட்டது. ஒன்றரை டிகிரி சாய்வு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் படம் இரண்டே முக்கால் மீட்டர் அகலம், அதில் அது ஏழு சென்டிமீட்டர் கோணல்.

"மச்சான், மைதானம் மலைச்சரிவு மாதிரி இருக்கு," என்றான் கச்சோ. "நம்ம ஆளுங்க மூச்சு வாங்க மேட்டுல ஏறி ஆடணுமா?"

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. புரொஜெக்டரின் இடது காலுக்குக் கீழே ஏழு மில்லிமீட்டர் வேண்டும். அட்டையை மடித்து வைத்தேன், அமுங்கியது. டோமினோ கட்டையை வைத்தேன், உயரம் அதிகமானது. அப்போது தோன் எவரிஸ்தோ சட்டைப் பையிலிருந்து ஒரு தட்டையான தகர டப்பாவை எடுத்து நீட்டினார். ஒரு காலத்தில் சோம்பு மிட்டாய் இருந்த டப்பா. இப்போது அதில் நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரைகள் இருந்தன.

"இந்தா மாப்ளே, இதை வெச்சுப் பாரு. இன்னைக்கு என் நெஞ்சு நல்ல புள்ளையா இருக்கு."

"அப்பா, அது உன் மாத்திரை," என்றாள் என் மனைவி நெலிதா.

"ரெண்டு மணி நேரம்தானடி. அதுக்கென்ன காலா இருக்கு, ஓடிப்போக?"

வைத்தேன். படம் நேரானது. வேலையில் எத்தனையோ கருவிகளைச் சமன் செய்திருக்கிறேன், முதல் தடவையிலேயே இப்படி உட்கார்ந்து நான் கண்டதில்லை. எல் ஃபாரோ இரண்டு கோல் போட்டு ஜெயித்தது.

அதற்கப்புறம் நடந்ததை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இந்த ஊர்க்காரர்தான். ஜெயித்த நாளில் எது எங்கே இருந்ததோ அது அங்கேயே இருக்க வேண்டும். அதுதான் ராசி. நெலிதா தரையில் முன்னால், மாத்தே தேநீர்க் குடுவையோடு. அவள் பக்கத்தில் கச்சோ, அணியின் துவைக்காத பச்சைச் சட்டையில். நடுவில் அந்த உயர நாற்காலி, அதில் அவர். எல்லோருக்கும் பின்னால், பலகையை ஒட்டி ஒரு முக்காலியில் நான். விசில் ஊதும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. சிறுநீர் முட்டினாலும் கூடாது. பலகை நகரக் கூடாது, நாற்காலி நகரக் கூடாது, டப்பா நகரக் கூடாது. நிழல்கூட இருந்தபடியே இருக்க வேண்டும் என்றான் கச்சோ.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் நெலிதா மருந்துக் கடைக்குப் போய் அதே மாத்திரையில் ஒரு புதுக் குப்பி வாங்கிவந்து அப்பாவின் பையில் போட்டாள். புத்திசாலிப் பெண். பன்னிரண்டாவது நிமிடத்தில் எதிரணி கோல் அடித்தது.

"என்னமோ மாத்திட்டோம்," என்றான் கச்சோ. முகம் வெளிறிவிட்டது. "யாரு? யாரு எதை மாத்துனது?"

"போன தடவை மாமா பாக்கெட் காலியா இருந்துச்சு," என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவே. குப்பியைத் தோன் எவரிஸ்தோ தானே எடுத்துக் கொடுத்தார். கச்சோ உட்கார்ந்தபடியே அதை ஜன்னல் வழியாக முற்றத்துப் பூந்தொட்டிகளுக்கு நடுவே வீசினான். நான்கு நிமிடத்தில் சமன். கடைசியில் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் நெலிதா குப்பியைத் தேடி எடுத்து, மண்ணைத் துடைத்து, சமையலறை அலமாரியில் வைத்தாள். இறுதி ஆட்டத்தன்றும் அது அங்கேயே இருந்தது. முன்னறையிலிருந்து சமையலறை முப்பத்தொரு தப்படி.

இப்போது இறுதி ஆட்டம். ஞாயிறு, மாலை நான்கு மணி. தெரு முழுக்க இறைச்சி சுடும் புகை. ஜன்னல் பலகைகளைச் சாத்தி அறையை இருட்டாக்கினேன். எழுபதாவது நிமிடத்தில் ஒன்றுக்கு ஒன்று.

அப்போதுதான் அவர் இடது கையைப் பின்பக்கம் நீட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பவர் மாதிரி இரண்டு விரலை அசைத்தார்.

"மாப்ளே. டப்பா."

மெதுவாகத்தான் கேட்டார். மற்றவர்கள் காதில் விழக் கூடாது என்று அவருக்கும் இருந்தது.

"பத்து நிமிஷம் மாமா," என்றேன்.

"என்னப்பா?" என்றான் கச்சோ, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

"ஒண்ணுமில்ல. நீ முன்னாடி பாரு."

அவர் சொன்னது அதுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

கூடுதல் நேரம் வந்தது. விரல்கள் மறுபடி அசைந்தன, இந்தமுறை கொஞ்சம் வேகமாக. "மாப்ளே, அதை எடுடா," என்றார். பன்னிரண்டு வருடத்தில் என்னை அவர் 'டா' போட்டது அன்றுதான். நான் டப்பாவைப் பார்த்தேன். புரொஜெக்டரின் கால் அதன் மூடியின் நட்டநடுவில் நின்றது. கையெட்டும் தூரம், எழுந்திருக்கக்கூடத் தேவையில்லை. ஆனால் எடுத்தால் படம் ஏழு சென்டிமீட்டர் சரியும். பெனால்டி வரப்போகிற நேரம்.

"அப்பா, நல்லா இருக்கியா?" என்று நெலிதா திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நல்லா இருக்காரு," என்றேன் நான்.

நான் ராசியைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று கச்சோ உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் நல்லவன், என் பேரைக் காப்பாற்றப் பார்க்கிறான். ஆனால் வாக்குமூலம் என்று வந்தபிறகு சரியாக இருக்க வேண்டும். எனக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. நான் படித்தவன். நாற்காலி எங்கே இருந்தாலும் எல் ஃபாரோ ஜெயிக்கும், தோற்கும். படம் நேராக இருந்தது, நான் சொல்வது அதை மட்டும்தான். அந்த வீட்டில், அந்தத் தெருவில், ஒருவேளை இந்த ஊரிலேயே நேராக இருந்த ஒரே பொருள் அது.

மூன்றாவது பெனால்டியை அடிக்க எங்கள் ஆள் பந்தை வைத்துக்கொண்டிருந்தபோது நிழல் அசைந்தது. முதலில் இடது பக்கம் சரிந்தது. அப்புறம் மெல்ல, குன்று தண்ணீரில் கரைவது போல, படத்தின் விளிம்புக்குக் கீழே போய் மறைந்தது.

முதல் தடவையாக முழுப் படத்தையும் பார்த்தேன். மூன்று ஆட்டமாக மறைந்திருந்த இடத்தில் புல் தெரிந்தது. வெள்ளைப் பொட்டு தெரிந்தது, கோல்கீப்பரின் காலணி நாடா தெரிந்தது. ஓரம் ஓரமாகப் பார்த்தேன், மயிரிழைகூடப் பிசகவில்லை. அழகாக இருந்தது. முன்னால் இருந்த இருவரும் பந்தைப் பார்த்தார்கள். படத்தைப் பார்த்தது நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பெனால்டியில் ஐந்துக்கு நான்கு என்று ஜெயித்தோம். தெருவில் கார் ஹாரன்கள் ஆரம்பித்தன. கச்சோ நெலிதாவைத் தூக்கிச் சுற்றினான். இருவரும் அழுதுகொண்டே அப்பாவின் பக்கம் திரும்பினார்கள். நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"அழுது அசந்துட்டாரு. தூங்கட்டும். நீங்க போங்க, நான் இருக்கேன்."

"மச்சான், நீ தங்கம்யா," என்றான் கச்சோ. கொடியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

இருபத்தைந்து நிமிடம் நானும் அவரும் தனியாக இருந்தோம். கோல்களை மறுபடி காட்டினார்கள். அவருடைய கண்ணாடி நழுவியிருந்தது, கழற்றி மடித்து அவர் பையில் வைத்தேன். பை காலியாகத்தான் இருந்தது. பிறகு நெலிதா முகத்தில் பச்சைச் சாயத்தோடு வந்தாள், அப்பாவின் கன்னத்தைத் தொட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவர் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "டப்பா எங்க?" என்றாள்.

"அதோட இடத்துலதான்," என்றேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். அப்புறம் என்னை. அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. துக்கம். ஆறிவிடும்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், கோணலைச் சரிசெய்ய அந்தப் புரொஜெக்டரிலேயே ஒரு பொத்தான் இருக்கிறதே என்று. கடைக்காரரிடம் விசாரித்திருக்கிறீர்கள், பாராட்டுகிறேன். இருக்கிறது. இரண்டு அழுத்தில் படம் நேராகும். டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கலாம், உண்மைதான். எனக்கு அது அன்றும் தெரியும். ஆனால் அந்தப் பொத்தான் படத்தை நேராக்குவதில்லை, இன்ஸ்பெக்டர். ஓரங்களை நறுக்கிக் கோணலை மறைக்கிறது, தெளிவும் குறைந்துவிடுகிறது. அது ஒருவகைப் பொய். நான் பொய் சொல்லிப் பழகியவனில்லை.

நீங்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டீர்கள். உங்கள் சீருடைக்குள் பச்சைக் காலர் தெரிகிறது, துவைத்து ஒரு மாதமாவது இருக்கும். அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள், பெனால்டி நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எழுந்திருப்பீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. அது உங்கள் மனசாட்சி. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த டப்பாவைச் சாட்சிப் பொருளாக எடுத்துப்போனீர்கள். அன்றிலிருந்து படம் மறுபடி இடது பக்கம் சாய்ந்திருக்கும். அடுத்த மாதம் மேல்நிலை ஆட்டங்கள் ஆரம்பமாகின்றன. மாத்திரைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு அவைதானே வேண்டும். காலி டப்பாவை நெலிதாவிடம் கொடுத்தால் போதும், எந்தக் காலுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குறுக்கே இனி எதுவும் இல்லை. நேராக்குவது ஒன்றுதான் பாக்கி.